ஓலையில் ஏறிய மார்க்கு

என் சித்தப்பா மகன் ஆரோன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் வரும். குடிக்க மாட்டான், யாரையும் ஏமாற்ற மாட்டான், ஞாயிற்றுக்கிழமைப் பூசையைத் தவறவிட மாட்டான். அவனுக்கு இருப்பது ஒரே ஒரு வியாதிதான். தான் வாங்கிய மார்க்கை எதிரில் இருக்கிறவர் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது.

நான் ரோசி. சேலம் சூரமங்கலத்தில் ஜெராக்ஸ், லேமினேஷன், ஃபிளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். என் கடைக்கு மேல் மாடியில் ஆரோனின் ஆபீஸ். முதலீட்டு ஆலோசகர் என்று போர்டு. ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர்களும் லாரி வைத்திருப்பவர்களும் மியூச்சுவல் ஃபண்டில் எதில் போடலாம் என்று கேட்க வருவார்கள். அவர்கள் மாடிப்படி ஏறும்போதே ஃபிரேம்கள் ஆரம்பித்துவிடும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் தேர்வு, மியூச்சுவல் ஃபண்ட் தேர்வு, பங்குச்சந்தைத் தேர்வு, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வாங்கிய மார்க்கு. ஒருநாள் கருத்தரங்கில் உட்கார்ந்து சமோசா தின்றதற்குக் கொடுத்த காகிதத்தையும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். எல்லாம் என் கடையில் லேமினேட் செய்ததுதான், பொய் சொல்வானேன்.

இந்த வியாதி அவனுக்கு நாமக்கல்லில் தொற்றியது. சித்தப்பா ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர். பிளஸ் டூ படிக்க அவனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரிசல்ட் வந்த மறுநாளே பைபாஸ் முழுக்க ஃபிளெக்ஸ். பிள்ளைகளின் முகம், முகத்துக்குக் கீழே முகத்தைவிடப் பெரிதாக மார்க்கு. ஆரோனின் முகம் கடைசி வரிசையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வந்திருந்தது. சித்தப்பா சொந்தக்காரர்களையெல்லாம் பஸ் ஏற்றிக் கூட்டிப்போய்க் காட்டினார், என்னையும் சேர்த்துத்தான். அந்த ஃபிளெக்ஸுக்குக் கீழே ஆரோன் வெயிலில் நின்றுகொண்டிருந்தான். போகிற வருகிற யாராவது ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு அவனைப் பார்க்க மாட்டார்களா என்று நின்றான். யாரும் பார்க்கவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு அவன் மண்டையில் ஒன்று பதிந்துவிட்டது. மனிதன் என்றால் மேலே ஒரு முகம், கீழே ஒரு மார்க்கு. ஆபீஸ் திறந்தபோது எனக்குக் கொடுத்த முதல் ஆர்டரே அதுதான். அவனுடைய போட்டோ பெரிதாக, கீழே சிவப்பில் ‘மியூச்சுவல் ஃபண்ட் தேர்வு 100க்கு 91’. “டேய், பணம் போட வர்றவங்களுக்கு இது எதுக்குடா?” என்று கேட்டேன். “நம்பிக்கை வரணும்லக்கா” என்றான். ஃபிளெக்ஸைக் கட்டிய அன்று சாயங்காலம் ஒரு அம்மா பையனைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிப் போய், டியூஷன் ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வந்தாள்.

விசிட்டிங் கார்டு மூன்றாக மடிக்கிற மாதிரி அடித்தான், அத்தனை பட்டமும் உள்ளே அடங்க வேண்டுமே. அதை எங்கள் பெரியம்மாவின் அடக்கத்தின்போது கல்லறைத் தோட்டத்தில் வைத்து நாலு பேருக்குக் கொடுத்தான். மண் போட வந்த கையில் கார்டைத் திணித்தால் மனுசன் என்ன செய்வான். இன்னொரு நாள் ஒரு ரிட்டயர்ட் ரயில் டிரைவர் ஆபீஸுக்கு வந்திருந்தார், நான் டீ கொடுக்க மேலே போயிருந்தேன். “தம்பி, சந்தை விழுந்துச்சுன்னா என் பணம் என்னாகும்?” என்று நேராகக் கேட்டார். “சார், அந்தப் பாடத்துல நான் தொண்ணூத்தி நாலு” என்றான் இவன். அவர் டீயைக் கீழே வைத்தார். “நீங்க பாஸாயிட்டீங்க தம்பி, சந்தோசம். என் பணம் பாஸாகுமான்னு கேட்டேன்” என்றார். அதற்கு ஆரோனிடம் பதில் இருந்தது, உண்மையில் நல்ல பதிலாகவே இருந்தது. தொழில் அவனுக்குத் தெரியும். ஆனால் மார்க்கைச் சொல்லி முடித்து அந்தப் பதிலுக்கு வருவதற்குள் வந்தவர் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இதற்கெல்லாம் மேல் ஒரு வெளிநாட்டுத் தேர்வு. முதலீட்டு ஆய்வுக்கு என்று உலகம் முழுக்க நடத்துகிறார்களாம். மூன்று நிலை. மூன்றையும் தாண்டினவர்தான் பெயருக்குப் பின்னால் அந்த மூன்றெழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஆரோன் பெங்களூருக்குப் போய் முதல் நிலையை எழுதினான், நல்ல மார்க்கில் தாண்டினான். அன்று ராத்திரியே மூன்றெழுத்தும் போர்டில் ஏறிவிட்டது. “இன்னும் ரெண்டு இருக்குதேடா?” என்றேன். “வரத்தானேக்கா போகுது” என்றான்.

வரவில்லை. இரண்டாம் நிலையில் முதல் தடவை போனது. அடுத்த தடவையும் போனது. போனது என்று அவன் சொல்லவே இல்லை. ரிசல்ட் என்னடா ஆச்சு என்று கேட்டால், “அடுத்த அட்டெம்ப்டுக்குத் தயாராயிட்டிருக்கேன்” என்பான். ஃபெயில் என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

வயது முப்பத்து நாலு ஆகிவிட்டது. பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கெல்லாம் ஃபைல் கொண்டுபோவான். பெண்ணின் அப்பா ஃபைலைப் புரட்டுவார், பெண்ணின் அம்மா காபி கொடுப்பாள், ஊர் திரும்பியதும் ‘அப்புறம் சொல்றோம்’ என்று போன் வரும். கடைசியாக நாமக்கல்லில் ஜெர்லின் அமைந்தாள். அவள் அப்பா கிறிஸ்துராஜ் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். ஜெர்லின் அந்த ஊரிலேயே ஒரு விடுதிப் பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். மாதப் பரீட்சை முடிந்தால் யார் எத்தனை என்று எழுதிச் சாப்பாட்டுக்கூடத்துக் கதவில் ஒட்ட வேண்டியது அவள் வேலை.

அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். ஆரோன் ஃபைலை நீட்டினான். அவள் வாங்கினாள், திறக்கவில்லை, டீப்பாயின் மேல் வைத்துவிட்டாள். “இதெல்லாம் இருக்கட்டுமுங்க. காத்தாலைக்கு என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டாள். ஆரோன் டீப்பாயில் கிடந்த ஃபைலைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவனை யாரும் அப்படிக் கேட்டதில்லை போல. “கம்பங்கூழு பிடிக்குமுங்க” என்றான் ஒருவழியாக. அவள் சிரித்துவிட்டாள். திரும்பி வரும்போது ராசிபுரம் தாண்டியதும், “அந்தப் புள்ள சிரிச்சா நல்லாருக்குதுக்கா” என்றான். அவன் வாயிலிருந்து மார்க்கு இல்லாமல் வந்த ஒரு வாக்கியம். இவன் பிழைத்துவிடுவான் என்று எனக்கு அன்று நம்பிக்கை வந்தது. அவனும் அவளை நிஜமாகவே விரும்பினான். தினமும் போன். கடைக்கு வந்து அவள் சொன்னதையெல்லாம் என்னிடம் ஒப்பிப்பான்.

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிகிற நேரத்தில். இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னாரை மணக்கப்போகிறார், இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் வந்து சொல்ல வேண்டும் என்று. ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா, வேறு யாருக்காவது வாக்குக் கொடுத்தவனா என்று ஊரைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற ஏற்பாடு. அதில் பேரும், எந்தக் கோயில் பங்கு என்பதும் மட்டும்தான் வரும். ஆரோன் வியாழக்கிழமை கடைக்கு வந்து ஓலையை டைப் அடிக்கச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அடித்தேன், பாதியில் கையை எடுத்துவிட்டேன்.

“ஓலையில படிப்பெல்லாம் வாசிக்க மாட்டாங்கடா.”

“ஃபாதர் ஊர்ல இல்லக்கா. உபதேசியார்கிட்ட கேட்டுட்டேன். எழுதிக் குடு, வாசிச்சிடலாம்னுட்டாரு.”

கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியாருக்கு வயதாகிவிட்டது, யார் எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூர்ச் சாமியார் ஒருவர் வந்து பூசை வைத்தார், ஓலையை உபதேசியார் வாசித்தார். எம்.காம்., எம்.பி.ஏ., அப்புறம் அந்த மூன்றெழுத்து, அதற்கப்புறம் ‘முதல் நிலைத் தேர்வில் உலக அளவில் முதல் பத்து சதவீதத்துக்குள் வந்தவருமான ஆரோன்’. மூச்சு வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ‘சதவீதத்துக்குள்’ என்பதை இரண்டு தடவை வாசித்தார். பெண்ணின் பெயருக்கு முன்னால் ஒன்றும் இல்லை, இத்தனைக்கும் எம்.எஸ்ஸி. படித்த பெண். பாடகர் குழுவில் இரண்டு பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார்கள். எனக்கு எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஆரோன் முன்வரிசையில் கைகூப்பி நின்றான், முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

பூசை முடிந்ததும் எங்கள் சொந்தத்தில் ஒருவன், சகாயராஜ், நேராகப் பங்குத்தந்தை வீட்டுக்குப் போனான். அவனும் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஆரோனின் போர்டைப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தவன். போகிற வழியில், “ஓலைக்குத் தடை சொல்லப் போறேன்” என்று நாலு பேர் காதில் போட்டுவிட்டுத்தான் போனான். என்ன தடை என்று அவன் சொல்லவில்லை. அப்போதுதான் ஊர் திரும்பியிருந்த ஃபாதரும் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

ஊருக்கு அது போதாதா. மத்தியானத்துக்குள் ஆரோனுக்குப் பெங்களூரில் ஒரு பெண்டாட்டி இருந்தாள். சாயங்காலம் அவளுக்கு ஒரு குழந்தை பிறந்துவிட்டது. பரீட்சை பரீட்சை என்று அடிக்கடி பெங்களூர் போனானே, எதற்கு என்று இப்போதல்லவா தெரிகிறது என்று என் கடையிலேயே ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருத்தி சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுடைய ஆதார் கார்டைத் தலைகீழாக ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

சகாயராஜைக் கடைக்கு வரவழைத்துப் பிடித்துக்கொண்டேன். “என்னாடா தடை?” என்றேன்.

“அந்த மூணெழுத்தப் போட்டுக்க அவனுக்கு உரிமை இல்லக்கா. ரெண்டாவது லெவல்ல ரெண்டு தடவ ஃபெயில். கோயில்ல பொய் வாசிச்சா தடை சொல்லாம என்ன பண்றது?”

“உனக்கு யாருடா சொன்னது?”

“யாரு சொல்லணும்? அவங்கம்மா ரெண்டு தடவ வேண்டுதலுக்குக் கருத்துப் பூசை வெச்சாங்க. ஆரோன் இரண்டாம் நிலைத் தேர்வில் வெற்றிபெறன்னு காலைப் பூசையில வாசிச்சாங்க. பாஸானா வெக்கற நன்றிப் பூசை ஒண்ணுகூட வெக்கல. எனக்குக் கணக்குத் தெரியாதா?”

காலை ஆறு மணிப் பூசைக்குப் போகிறவர்கள் சகாயராஜும் நாலைந்து கிழவிகளும்தான். பக்தி என்ற பேரில் போய் வேவு பார்த்திருக்கிறான். ஃபாதர் அவனிடம், “மகனே, இது திருமணத்துக்குத் தடை இல்லை. அடுத்த ஓலையில பேரை மட்டும் வாசிக்கச் சொல்றேன், போ” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

மாடிக்கு ஓடினேன். ஆரோன் புதிதாக ஏதோ ஒரு பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தான். விசயத்தைச் சொன்னேன். “ஒண்ணுமில்லடா. நாமக்கல்லுக்கு நீயே போன் போட்டு, ரெண்டு தடவ ஃபெயிலானேன், அதைத்தான் ஒருத்தன் போய்ச் சொல்லிருக்கான்னு சொல்லிடு. சிரிச்சிட்டுப் போயிடுவாங்க.”

அவன் விண்ணப்பத்திலிருந்து கையை எடுத்தான். “அந்த வார்த்தைய நான் எப்படிக்கா சொல்றது?”

“உனக்குப் பெங்களூர்ல பொண்டாட்டி இருக்குதுங்கறாங்கடா.”

“அது பொய்தானே. தானா அடங்கிடும்.”

“இது?”

“இது உண்மையாச்சே, அடங்காதுல்லக்கா” என்றான். அவன் கண்ணைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை கிறிஸ்துராஜ் வந்தார். ஜெர்லினும் கூட வந்திருந்தாள். நாமக்கல் வரைக்கும் பேச்சுப் போய்விட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. சித்தப்பா முதுகுவலி என்று வீட்டிலேயே படுத்துவிட்டார். மாடி ஆபீஸில் அவர்கள் இரண்டு பேர், நான், ஆரோன். நான்கு சுவரிலும் ஃபிரேம். கிறிஸ்துராஜ் நல்ல மனிதர், குரலை உயர்த்தவே இல்லை.

“ஏனுங் மாப்ள, ஓலைக்குத் தடை சொல்லிருக்காங்களாமா. நெசமுங்களா?”

“ஆமாங்க மாமா.”

“என்ன தடைங்க?”

ஆரோன் மேஜையைப் பார்த்தான். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, “பொம்பள விசயமுங்களா? எதுன்னாலும் சொல்லிப்போடுங் சாமி. மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும். ஆரோன் மேஜையிலிருந்த பேனாவை மூடினான். அப்புறம் சொன்னான், “எல்லாருக்கும் ஒரு பழசு இருக்குமுங்க மாமா. அது முடிஞ்சுபோச்சு. இனிமேல் அதைப் பத்திப் பேச வேணாமே.”

இல்லாத ஒரு பெண்டாட்டியைப் பெங்களூரில் குடிவைக்கத் தயாராக இருக்கிறான், இருக்கிற ஃபெயிலை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறான். முந்தானை நுனியைச் சுற்றிக்கொண்டிருந்த ஜெர்லினின் விரல் அப்படியே நின்றது. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை.

“அய்யோ, பொம்பளையும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்லீங்க” என்று போட்டு உடைத்தேன். “அந்த வெளிநாட்டுப் பரீட்சையில ரெண்டு தடவ ஃபெயிலுங்க. அதைத்தான் ஒரு பொறாமைக்காரன் போய்ச் சொல்லிருக்கான். வேணும்னா ஃபாதரக் கேளுங்க.”

“அக்கா, நீ சும்மா இரு” என்றான் ஆரோன். காது மடல்வரைக்கும் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் கிறிஸ்துராஜ் நம்பினார் என்று நினைக்கிறேன். ஒரு நிமிசம் அவனையே பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். நாற்காலி ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

“ஃபெயிலுங்களா? அட ஏஞ்சாமி, எங்க பட்டறையில கட்டற வண்டி ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எஃப்.சி.க்குப் போயி எத்தன தடவ திரும்பி வருது தெரியுமுங்களா? ஒரு தடவ லைட்டு சரியில்லம்பான், ஒரு தடவ பிரேக்கும்பான். சரிபண்ணிக் கொண்டுபோனா பாஸ். அதுக்குப் போயி ஊட்டுல எல்லாரும் ஒரு வாரமாச் சோறு திங்காம இருந்தோமே.” கையை உதறிவிட்டு, “டீ சொல்லுங்கம்மா” என்றார் என்னிடம்.

காரியம் கூடிவிட்டது என்று நான் எழுந்தேன். அப்போதுதான் ஜெர்லின் பேசினாள். அவள் சிரிக்கவில்லை.

“இருங்கக்கா. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.” ஆரோன் பக்கம் திரும்பினாள். “எங்கப்பா பொம்பளையான்னு கேட்டப்ப இல்லைன்னு சொல்லலீங்க நீங்க. நான் எதுக்க உக்காந்திருந்தேன். என் மூஞ்சியக்கூடப் பாக்கல. சரி, அதையும் உட்டுடறேன். நாளைக்கு நமக்கு ஒரு புள்ள பொறக்குது. அது கணக்குல நாப்பது வாங்கிட்டு ஊட்டுக்கு வருது. மாசாமாசம் அந்த மாதிரிப் புள்ளைங்கள நான் பாக்கறேனுங்க, கதவுல பேர ஒட்டுன அன்னிக்கு மத்தியானம் சாப்பிடக்கூட உள்ள வராதுங்க. நம்ம புள்ள அப்படி வந்து நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க?”

அவள் கோபமாகக் கேட்கவில்லை. அவளுக்கு இன்னும் மனசு இருந்தது, கேட்ட விதத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போடுவேன் என்று சொன்னால் போதும். எனக்கும் ரெண்டு தடவை போச்சுடா கண்ணு என்று சொல்வேன் என்றிருந்தால் அவள் அந்த இடத்திலேயே அழுதிருப்பாள், அடுத்த மாதம் கல்யாணம் நடந்திருக்கும். சொல்லுடா, சொல்லித் தொலைடா என்று என் மனசு அடித்துக்கொண்டது.

ஆரோன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இந்தக் கேள்விக்கு அவனுக்குப் பதில் தெரியும் என்ற தெம்பு முகத்தில் வந்தது.

“நாப்பது எப்படீங்க வாங்கும்?” என்றான். “என் புள்ளையாச்சே.”

கிறிஸ்துராஜின் சிரிப்பு நின்றது. ஜெர்லின் தலையை ஆட்டினாள், எதையோ சரிபார்த்துக்கொண்ட மாதிரி. கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“போலாமுங்கப்பா” என்றாள்.

அவர்கள் படியிறங்கிப் போனார்கள். வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. ஆரோன் எழுந்து ஜன்னல்வரைக்கும் போனான், எட்டிப் பார்த்தான், திரும்பி என்னிடம் வந்தான்.

“அக்கா, நான் என்னக்கா தப்பாச் சொன்னேன்?”

தெரியாமல்தான் கேட்டான்.